கச்சேரி ஒலிப்பதிவில் கம்ப்ரஸரைக் கையாளும் முறை

கர்நாடக இசைக் கச்சேரி ஒன்றைத் தனித்தனி ட்ராக்குகளாகப் பதிவு செய்துகொண்டு வந்து மிக்ஸ் செய்ய உட்காருபவர் ஆலாபனையின் முதல் ஐந்து நிமிடத்திலேயே திணறிப்போவார். மந்திர ஸ்தாயியில் பாடகர் தொடங்கும் பிடிகள் காதுக்கு எட்டுவதில்லை. அதே பாடகர் தார ஷட்ஜத்தில் நின்று கார்வை கொடுக்கும்போது மீட்டர் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. உடனே கை, உரத்த ஒலியைத் தானாகவே அழுத்தி ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கருவியான கம்ப்ரஸரைத் தேடும். தேடுவதில் தவறில்லை. ஆனால் சினிமாப் பாடல் பதிவில் பழகிய அமைப்புகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் கச்சேரி கெட்டுப்போகும். ஸ்டுடியோவில் பாடகர் தனி அறையில் நின்று பாடுகிறார். கச்சேரி மேடையிலோ நான்கைந்து பேர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருப்பதால், பாடகரின் மைக்கில் மிருதங்கமும், வயலின் மைக்கில் குரலும், எல்லா மைக்கிலும் தம்புராவும் கசிந்திருக்கும். எந்த ட்ராக்கை அழுத்தினாலும் அதனுள் இருக்கும் பக்கத்து வாத்தியமும் சேர்ந்தே அசையும்.

இதைக் கணக்காகப் பார்த்தால் தெளிவாகப் புரியும். குரல் ட்ராக்கில் த்ரெஷோல்டை (கம்ப்ரஸர் அழுத்தத் தொடங்கும் எல்லை) −20 டெசிபெல்லிலும் ரேஷியோவை (எல்லை தாண்டியது சுருங்கும் விகிதம்) 4:1 என்றும் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். குரல் −12 டெசிபெல்லுக்கு வரும்போது அது த்ரெஷோல்டைத் தாண்டிய 8 டெசிபெல், கால் பங்காகச் சுருங்கி 2 டெசிபெல் ஆகிறது; குரல் −18 டெசிபெல்லில் வெளியே வருகிறது. இழந்த 6 டெசிபெல்லை, அழுத்தியபின் மொத்த ஒலியையும் உயர்த்தும் மேக்கப் கெயினில் திரும்பக் கொடுக்கிறோம். இப்போது பாடகர் ஒரு பிடியை முடித்து மூச்சு வாங்குகிறார். அந்த நொடியில் கம்ப்ரஸர் எதையும் அழுத்தவில்லை, மேக்கப் கெயின் மட்டும் அப்படியே நிற்கிறது. விளைவாக, குரல் மைக்கில் கசிந்த மிருதங்கம் அந்த இடைவெளியில் 6 டெசிபெல் உயர்ந்து கேட்கும். அதுவும் மைக்கின் பக்கவாட்டில் நுழைந்து, சிறிது தாமதித்து வந்த, அழுக்கான மிருதங்கம். குரலில் ஒவ்வொரு டெசிபெல் அழுத்துவதற்கும் இப்படி ஒரு விலை உண்டு. ஆகவே கச்சேரிப் பதிவில் வாத்தியங்களைச் சமன் செய்யும் முதல் வேலையை, ஒலி அளவைக் கையால் ஏற்றி இறக்கும் ஃபேடருக்கே கொடுக்க வேண்டும் என்பதும், ஃபேடரைத் தள்ளும் கைக்கு எட்டாத வேகத்தில் நிகழும் ஏற்றத்தாழ்வுக்கு மட்டுமே கம்ப்ரஸரைப் பயன்படுத்த வேண்டும் என்பதும் என் அனுபவம்.

பதிவு செய்யும்போதே கம்ப்ரஸ் செய்துவிடும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். 24 பிட்டில், உச்சம் −12 டெசிபெல்லுக்கு அருகில் நிற்குமாறு பதிவு செய்தால் இரைச்சலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்திக்கொள்ளலாம். அழுத்திப் பதிந்ததை மீட்கத்தான் வழியில்லை.

மிக்ஸிங்கில் முதல் வேலை, குரல் ட்ராக்கின் அடியில் உருளும் மேடை அதிர்வையும் மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பியின் கசிவையும், தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரால் நீக்குவது. இதைக் கம்ப்ரஸருக்கு முன்னால் செய்ய வேண்டும், இல்லையென்றால் பாடகர் தொடையில் தாளம் போடும் ஒவ்வொரு அடிக்கும் கம்ப்ரஸர் குரலைக் குட்டும். எங்கே வெட்டுவது என்பதைச் சுருதியே சொல்லிவிடும்; அதன் உயரத்தைக் கட்டை என்ற அளவால் சொல்வோம். ஒரு கட்டையில் பாடுபவரின் மந்திர பஞ்சமம் சுமார் 98 ஹெர்ட்ஸ் என்பதால் அவருக்கு 80 ஹெர்ட்ஸோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஐந்து கட்டையில் பாடுபவரின் மந்திர பஞ்சமம் 147 ஹெர்ட்ஸ் அளவில் இருப்பதால் 120 வரை துணியலாம். அடுத்து, பாடகர் மைக்கை விட்டு விலகியதாலும் நெருங்கியதாலும் வந்த வேறுபாட்டைக் கையால் சரிசெய்ய வேண்டும். உதட்டுக்கும் மைக்குக்கும் இடையே பத்து சென்டிமீட்டராக இருந்த தூரம் இருபதானால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். ஸ்வரம் பாடும்போது வயலின்காரரைப் பார்த்துத் தலையைத் திருப்பும் பாடகர்களிடம் இது நிமிடத்துக்கு நான்கு முறை நடக்கும். இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு இந்த வேலையே எனக்கு ஒரு பகலை விழுங்கிவிடும். ஆனால் இதைச் செய்து முடித்தபின் கம்ப்ரஸருக்கு மிச்சமிருக்கும் வேலை மிகச் சிறியது.

அந்தச் சிறிய வேலைக்குக் குரலில் 2:1 ரேஷியோ, 15 முதல் 20 மில்லிசெகண்டு அட்டாக் (அழுத்தம் ஏற எடுக்கும் நேரம்), 200 மில்லிசெகண்டுக்கு அருகில் ரிலீஸ் (அழுத்தம் விலக எடுக்கும் நேரம்), எல்லையில் அழுத்தம் படிப்படியாகத் தொடங்கும் மென்மையான நீ (knee) என்று தொடங்கலாம். மந்திர ஸ்தாயியில், அழுத்தத்தின் அளவைக் காட்டும் முள் அசையவே கூடாது. தார ஸ்தாயியில் 3 டெசிபெல், மிஞ்சிப்போனால் 4. இதற்கு மேல் தேவைப்படுகிறது என்றால் நீங்கள் ஃபேடர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள் என்று பொருள். ரிலீஸை மிகக் குறைத்தால் தாழ்ந்த ஸ்வரங்களில் அலையின் ஒவ்வொரு சுற்றையும் கம்ப்ரஸர் துரத்தத் தொடங்கி, கார்வையில் ஒரு கரகரப்பு ஏறும். வேகமாக உருளும் பிருகாக்கள் நடுங்குவதுபோல் கேட்கும்.

அளவு மீறியிருக்கிறதா என்பதை அறிய மீட்டரைவிட நம்பகமான சாட்சி தம்புரா. குரலைக் கவனிக்காமல், அதன் பின்னால் ஓடும் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் கேளுங்கள். பாடகர் பிடியை விட்டதும் தம்புரா மெல்ல எழுந்து, அடுத்த பிடியில் அமுங்குகிறது என்றால் கம்ப்ரஸர் மூச்சு விடுகிறது. நான் மிக்ஸ் செய்த முதல் கச்சேரியில் தோடி ஆலாபனை முழுவதும் சுருதி இப்படி அலை அடித்துக்கொண்டிருந்தது. ஹெட்ஃபோனில் குரலையே கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை. பாடியவர் வீட்டுக் கூடத்தில் போட்டுக் கேட்டு, ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

மிருதங்கம்தான் இந்த வேலையின் கடினமான பகுதி. உயர்ந்த ஒலிப் பக்கமான வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என்று இரண்டு மைக் வைத்திருந்தால் இரண்டுக்கும் தனித்தனிக் கம்ப்ரஸர் போடுங்கள். இரண்டையும் ஒன்றாக இணைத்து ஒரே கம்ப்ரஸரில் அனுப்பினால், தொப்பியில் விழும் கும்கி என்ற ஆழ்ந்த அடி ஒவ்வொன்றுக்கும் வலந்தலையின் மீட்டு, சாப்பு என்ற அடிகளும் சேர்ந்து அமுங்கும். அட்டாக்கை 1 மில்லிசெகண்டுக்கு இறக்கிவிட்டால் அடியின் முனை மழுங்கி, சாப்பு அட்டைப்பெட்டியில் தட்டியதுபோல் ஆகிவிடும். 25 முதல் 30 மில்லிசெகண்டு கொடுத்தால் விரல் தோலில் பட்ட கணம் முழுதாகக் கடந்துபோய், பின்னால் வரும் நாதம் மட்டும் கட்டுக்குள் வரும். தொப்பிக்கு 3:1 வரை போகலாம். வலந்தலைக்கு 2:1 போதும்.

ரிலீஸை நடையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஆதி தாளத்தில் நிமிடத்துக்கு 75 அட்சரம் என்ற காலப்பிரமாணத்தில் ஒரு அட்சரம் 800 மில்லிசெகண்டு. அட்சரத்துக்கு நான்கு சொல் வாசிக்கும்போது இரண்டு அடிகளுக்கு நடுவே 200 மில்லிசெகண்டு இருக்கும். ஃபரன்ஸ் என்ற விரைவு வாசிப்பில் எட்டாக ஏறும்போது அது 100 ஆகிவிடும். ரிலீஸ் 400 மில்லிசெகண்டு என்று இருந்தால், நான்காக வாசிக்கும்போதே சரியாக மீளாத கம்ப்ரஸர் ஃபரன்ஸில் மீளவே மீளாது. ஒவ்வொரு அடியும் முந்தைய அடியின் அழுத்தத்துக்குள்ளேயே விழும். வாசிப்பவர் வேகத்தையும் கனத்தையும் கூட்டிக்கொண்டு, முடிவில் வரும் கோர்வையை நோக்கிப் போகிறார். பதிவிலோ ஒலி தாழ்ந்துகொண்டே போகிறது. இந்தத் தவற்றைச் செய்து அனுப்பிய ஒரு பதிவைக் கேட்ட மூத்த வித்வான் என்னிடம் கேட்டது இன்றும் நினைவிருக்கிறது: “ஏம்ப்பா, கோர்வைக்கு வரப்போ எனக்குக் கை ஓஞ்சுபோச்சுன்னு நெனச்சியா?” அன்று முதல் ரிலீஸை 80 மில்லிசெகண்டுக்கு அருகில் வைத்து, அந்தக் கச்சேரியிலேயே மிக வேகமான இடத்தைப் போட்டுக் கேட்டுத்தான் முடிவு செய்கிறேன்.

பாட்டுக்கு வாசிக்கும்போது பொருந்திய அமைப்பு, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குப் பொருந்தாது. பாட்டில் மிருதங்கம் குரலுக்கு அடியில் நிற்க வேண்டும் என்பதற்காகவே அழுத்தினோம். தனியில் அந்தக் காரணமே இல்லை. தனி தொடங்கும் இடத்தில் ட்ராக்கை வெட்டி, கம்ப்ரஸர் இல்லாத வேறொரு சேனலுக்கு மாற்றிவிடுவது நல்லது. கூடவே குரல் மைக்கையும் வயலின் மைக்கையும் 10 டெசிபெல் அளவுக்கு இறக்கினால் மிருதங்கத்தின் நாதம் திடீரென்று துலங்கும். முழுவதும் மூடிவிடாதீர்கள், அரங்கின் காற்றும் அவற்றில்தான் இருக்கிறது.

கடத்தின் அடி மிகக் கூர்மையானது என்பதால் இங்கே மட்டும், ஒலியை ஓர் எல்லைக்கு மேல் போகவிடாத வேகமான லிமிட்டரால் உச்சத்தில் 2 டெசிபெல்லைச் சீவிவிடலாம்; கஞ்சிராவில் கீழே வளையும் ஒலிக்குத் தொப்பியின் அமைப்பே ஒத்துவரும்.

வயலினில் எனக்குக் கம்ப்ரஸர் அதிகம் தேவைப்பட்டதில்லை. வில்லின் அழுத்தத்தாலேயே கலைஞர் ஒலியை ஆள்கிறார். பிக்கப் (வாத்தியத்திலேயே பொருத்தும் ஒலிவாங்கி) வைத்த வயலினாக இருந்தால் மேல் ஸ்தாயியில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் ஒரு கீச்சல் எழும். முழு ஒலியையும் அழுத்தாமல் அந்தப் பகுதியை மட்டும், அது எழும் நேரத்தில் மட்டும் குறைக்கும் டைனமிக் இக்யூ அதற்குத் தகுந்தது. குரல் வந்தால் வயலின் தானாகத் தாழுமாறு சைட்செயின் போடுவோரும் உண்டு. நான் போடுவதில்லை. பாடகரின் பிடியை நிழல்போலத் தொடர்வதும், தன் முறை வரும்போது ஸ்வரத்தில் சரிசமமாகப் பதில் சொல்வதும் கலைஞரின் முடிவு. இயந்திரத்துக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஒலிகளை இடம், வலம் என்று நிறுத்தும் பானிங்கில் மேடை இருக்கையைப் பின்பற்றுங்கள். வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும் என்பதால் வலக்கை மிருதங்கக்காரர் பாடகரின் வலப்புறம் அமர்வது வழக்கம். பழனி சுப்பிரமணிய பிள்ளையைப் போன்ற இடக்கைக்காரர் என்றால் எதிர்ப்புறம்.

கடைசியாக, மொத்த மிக்ஸில் 1.5:1 ரேஷியோவில் ஒரு கம்ப்ரஸர், 30 மில்லிசெகண்டு அட்டாக், 1 டெசிபெல்லுக்கு மேல் அபூர்வமாகவே அசையும் முள். அதன் சைட்செயினில் (கம்ப்ரஸரைத் தூண்டும் ஒலி வழி) 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வடிகட்டிவிட்டால் தொப்பி மொத்தக் கச்சேரியையும் ஆட்டிவைக்காது. போட்டும் எடுத்தும் கேட்கும்போது இரண்டின் ஒலி அளவும் சமமாக இருக்கட்டும், ஏனென்றால் உரக்கக் கேட்பதெல்லாம் காதுக்கு நன்றாகவே தோன்றும். யூடியூப் −14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காது உணரும் சராசரி உரப்பின் அளவு) மேல் உள்ளதைக் குறைக்கிறது என்பதற்காக அந்த அளவை எட்டியே தீர வேண்டும் என்று லிமிட்டரில் நசுக்காதீர்கள். −18 அளவில் நிற்கும் கச்சேரியைக் கேட்பவர் வால்யூமைச் சற்றுக் கூட்டிக்கொள்வார்.

அரங்கத்து மைக்கை மட்டும் இந்த மொத்தக் கம்ப்ரஸருக்குள் விடாமல் வெளியே வைத்திருங்கள். தனியின் கோர்வை முடியும் கணத்தில் கைதட்டல் வெடிக்கும். அந்த ஓசைக்குள்ளேயே பாடகர் பல்லவியின் எடுப்பைப் பிடிப்பார். கைதட்டல் கம்ப்ரஸருக்குள் இருந்தால், கம்ப்ரஸர் அதை அமுக்கும்போது எடுப்பும் சேர்ந்து அமுங்கி, முதல் இரண்டு சொற்கள் கேட்காமலே போய்விடும்.