பழைய கார் வாங்குமுன் பரிசோதனை: பலரும் செய்யும் தவறுகள்

உறவினர் வீட்டுத் திருமணத்திற்கு ஈப்போவுக்கும், பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்கும் குடும்பத்தோடு போய்வர ஏழு பேர் அமரக்கூடிய பழைய வாகனம் ஒன்றைத் தேடுவோர், சிங்கப்பூரின் உபி வட்டாரத்திலோ சின் மிங்கிலோ விற்பனையாளரிடம் முதலில் கேட்பது, சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ் இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது என்பதைத்தான். சிங்கப்பூரில் காரின் விலையைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு என்பதால் கேள்வியில் பிழையில்லை. ஆனால் சிஓஇ என்பது வாகனத்தைச் சாலையில் ஓட்டுவதற்கான உரிமையே தவிர, இயந்திரத்தின் ஆயுளுக்கான உத்தரவாதம் அன்று.

கட்டாயப் பரிசோதனையில் தேறிய வண்டிக்கு வேறு பரிசோதனை எதற்கு என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. பதிவாகி மூன்று ஆண்டு கடந்த கார்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து ஆண்டைத் தாண்டியவை ஆண்டுதோறும், அங்கீகரிக்கப்பட்ட நிலையம் ஒன்றில் சோதிக்கப்பட வேண்டும் என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி. அங்கே பிரேக், புகை, விளக்குகள், சக்கரங்களின் நேரமைப்பு, வண்டியின் அடிப்பாகம் ஆகியவற்றைப் பார்த்து, சாலையில் ஓடத் தகுந்ததா என்று முடிவு செய்கிறார்கள். கியர்பெட்டி இன்னும் எத்தனை காலம் தாங்கும், குளிர்சாதனக் கம்ப்ரசர் பழுதாகும் நிலையில் இருக்கிறதா, முன்பக்கம் ஒருமுறை நொறுங்கிச் சரிசெய்யப்பட்டதா என்பதெல்லாம் அந்தச் சோதனையின் கேள்விகள் அல்ல. அவற்றுக்கு விடை வேண்டுமென்றால், வாங்குபவரே பணம் கட்டி மதிப்பீட்டுப் பரிசோதனை ஒன்றைத் தனியாகச் செய்துகொள்ள வேண்டும். கியர்பெட்டியை மாற்ற ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அதற்கான கட்டணம் சொற்பமே.

அந்தப் பரிசோதனையை விற்பவரின் பட்டறையிலேயே முடித்துக்கொள்வதும், முன்பணம் கட்டியபின் அதைப் பற்றி யோசிப்பதும் ஒரே தவறின் இரு முகங்கள். பரிசோதகரை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். அறிக்கையும் நேரே உங்கள் கைக்கு வர வேண்டும். முன்பணம் கட்டியே ஆகவேண்டிய நிலை வந்தால், பரிசோதனை முடிவு ஏற்புடையதாக இல்லாவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும் என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி, அதன்பின் கையெழுத்திடலாம். வாய்மொழியாகக் கிடைக்கும் "கவலைப்படாதீங்க அண்ணே" என்ற உறுதிமொழி பிறகு எதற்கும் உதவாது.

சூடான இயந்திரத்தைப் பார்த்துத் திருப்தியடைவது அடுத்த தவறு. நான் ஒருமுறை காலை பத்து மணிக்குப் பார்க்கச் சென்ற காரின் முன்மூடியைத் தொட்டபோது, நன்றாகச் சுட்டது. சற்றுமுன் இடம் மாற்றி நிறுத்தியதாக விற்பவர் சொன்னார். அது உண்மையாகவே இருந்திருக்கலாம். என்றாலும், தேய்ந்த பாகங்களின் சத்தமும், எண்ணெய் எரிவதைக் காட்டும் நீலப் புகையும், திணறிக் கிளம்பும் பழக்கமும் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இயந்திரத்தை முதல்முறை இயக்கும்போதுதான் வெளிப்படும். ஆகவே, நான் வரும்வரை வண்டியை இயக்க வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பின்பு கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு இறங்கிவிடக் கூடாது. விரைவுச்சாலையில் சற்று நேரமும், மேடான சாலையில் சற்று நேரமும் ஓட்டிவிட்டு, குளிர்சாதனத்தை முழு வேகத்தில் வைத்து நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் இயங்க விட வேண்டும். நெரிசலில் நிற்கும்போது வெப்பமானி முள் ஏறுமா என்பது அப்போது தெரிந்துவிடும். கேமரன் மலைப்பாதையில் அதைத் தெரிந்துகொள்ள நேர்வது நல்லதல்ல.

வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைப் பொருத்தி, பிழைக்குறி எதுவும் இல்லை என்று காட்டினால் அத்தோடு நம்பிவிடுவோரும் உண்டு. பிழைக்குறிகளை ஒரே நிமிடத்தில் அழித்துவிடலாம்; அழித்த பிறகு வண்டியின் கணினி தன் உட்சோதனைகளை மீண்டும் முடிக்கச் சில பயணங்கள் ஆகும். அவை முடிவடையாத நிலையில் இருந்தால், அண்மையில் எதை அழித்தார்கள், ஏன் அழித்தார்கள் என்று கேட்க வேண்டும். வண்ணப்பூச்சின் தடிமனை அளக்கும் கருவியும் இப்படிப்பட்ட தடயங்களைத் தரும்: மற்ற இடங்களில் நூற்றைம்பது மைக்ரானுக்கு அருகில் இருக்கும் அளவு, ஒரு கதவில் மட்டும் பல நூறாக ஏறினால், அங்கே பட்டி பூசி மறைத்த அடி ஒன்று இருக்க வாய்ப்புண்டு. டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் படிக்க எந்தக் கருவியும் வேண்டாம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ஐந்து ஆண்டுப் பழைய காரில், மிகக் குறைந்த தூரமே ஓடியதாகச் சொல்லும் மீட்டரோடு புத்தம்புதிய டயர்கள் நான்கு இருந்தால், மீட்டர் காட்டும் தூரம் உண்மைதானா என்று சேவைப் பதிவேட்டை ஒருமுறை கூர்ந்து பார்ப்பது தகும்.

சிஓஇ புதுப்பிக்கப்பட்ட காரில் கணக்கும் மாறும். ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டதை மறுபடியும் புதுப்பிக்க இயலாது; காரைப் பத்து ஆண்டுக்குள் பதிவுநீக்கினால் கிடைக்கும் பார்ஃப் கழிவும் இல்லாமல் போயிருக்கும்; பத்து ஆண்டைக் கடந்ததால் சாலை வரியில் 10 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை மேல்வரியும் உண்டு. பரிசோதனை அறிக்கையில் உள்ள பழுதுச் செலவை இவற்றோடு கூட்டிப் பார்த்தபின் விலை பேசுவதே முறை.

யாரிடம் வாங்குகிறோம் என்பதும் கவனிக்கத்தக்கது. குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும். விற்பனையாளரிடம் பெற்ற ஆறு மாதத்திற்குள் தெரியவரும் குறை, வண்டியின் வயதையும் கருத்தில் கொண்டு, ஒப்படைத்தபோதே இருந்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படும். இரு தனிநபர்களுக்கு இடையிலான விற்பனையை அது காக்காது. எனவே உரிமையாளரிடமிருந்து நேரடியாக வாங்குவோர், விலை சற்றுக் குறைவாக இருக்கிறதே என்று பரிசோதனையைத் தவிர்ப்பது மற்றவர்களைவிட அவர்களுக்கே கூடுதல் ஆபத்து. விற்பனையாளரிடம் வாங்குவோரும் அந்த அறிக்கையைத் தேதியோடு பத்திரப்படுத்தி வைத்தால், ஆறு மாதத்திற்குள் வழக்கு எழும்போது எந்தக் குறை எப்போது இருந்தது என்பதைக் காட்ட அது கையில் இருக்கும்.