அரம் பிடிக்கப் பழகுவோம்: இரும்புத் துண்டை மூலைமட்டத்துக்குக் கொண்டுவருதல்

ஃபிட்டர் வகுப்பில் சேருகிறவர்கள் தொடக்கத்தில் பெரும்பாலும் அராவிக்கொண்டுதான் இருப்பார்கள். "இதற்குத்தான் மெஷின் இருக்கிறதே" என்ற சலிப்பும் சீக்கிரமே வந்துவிடும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அரத்தில் சமம் பிடிக்கத் தெரிந்த கைக்கு மற்றக் கருவிகள் எளிதில் வசப்படும்.

50 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனமுள்ள எம்.எஸ். பிளாட்டிலிருந்து (மைல்டு ஸ்டீல் பட்டையிலிருந்து) 48 மி.மீ. சதுரம் ஒன்று செய்வோம். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாலும் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

1. அறுத்தல்
ஹாக்ஸாவின் (இரும்பறுக்கும் ரம்பத்தின்) பிளேடு பற்கள் முன்னோக்கி இருக்க வேண்டும். பிளேடை விறைப்பாக முடுக்கி, 51 மி.மீ. நீளத்துக்கு அறுங்கள். நிமிடத்துக்கு 40 முதல் 50 இழுப்பு போதும். அவசரப்பட்டால் பிளேடு சூடேறிப் பல் மழுங்கும்.

2. முதல் விளிம்பு
வேலையின் உயிரே இங்கேதான். துண்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் தாடை உங்கள் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். துண்டு தாடைக்கு மேல் கொஞ்சமே தெரியட்டும். அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் அதிர்ந்து கீச்சிடும். பிடி போடாத அரத்தை ஒருபோதும் தொடாதீர்கள், அதன் கூரிய வால் உள்ளங்கையில் ஏறிவிடும்.

முதலில் சொரசொரப்பான பல்லுள்ள பாஸ்டர்டு அரம். வலக்கையில் பிடி, இடக்கை நுனியில். தள்ளத் தொடங்கும்போது இடக்கை அழுத்தம் அதிகம். நடுவில் இரு கையும் சமம். முடிவில் வலக்கை அதிகம். திரும்பி வரும்போது அழுத்தமே கூடாது. இந்த மாற்றம் கைக்கு வராதவரை அரம் ஏற்ற இறக்கமாக ஆடும். விளிம்பின் நடு மேடாகி, இரு ஓரமும் சரிந்துவிடும். புதியவர்கள் எல்லோருக்கும் வருவது இந்த மேடுதான். பலத்தைக் கூட்டினால் அது மறையாது. வேகத்தைக் குறைத்து, அழுத்தம் கை மாறுவதைக் கவனித்தால் மறையும்.

அராவிய இடத்தை விரலால் தடவாதீர்கள். கையின் எண்ணெய்ப் பசையில் அரம் வழுக்கும். தூளை வாயால் ஊதவும் கூடாது. அரத்தின் பற்களில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் தூள் அடைத்துக்கொள்வது குறையும்.

மூலைமட்டம் என்பது 90 பாகை பார்க்கும் ‘L’ வடிவக் கருவி. அதன் மெல்லிய அலகை விளிம்பில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒளி கசியும் இடம் பள்ளம். கசியாத இடத்தைத்தான் அராவ வேண்டும். கடைசியில் நுண்ணிய பல்லுள்ள ஸ்மூத் அரம்.

3. அடுத்த விளிம்பு
முதல் விளிம்பில் மூலைமட்டத்தின் தடித்த கட்டையை ஒட்டவைத்து, அடுத்ததை 90 பாகைக்குக் கொண்டுவாருங்கள்.

4. குறியிடல்
பிசுக்கு நீக்கிய பரப்பில் மயில்துத்தக் கரைசலைத் தடவினால் செம்பு நிறம் படியும். அதில் ஸ்க்ரைபர் (கோடு கீறும் ஊசி) போடும் கோடு பளிச்சென்று தெரியும். சமமாக்கிய இரு விளிம்புகளிலிருந்தும் 48 மி.மீ. அளந்து கோடு போட்டு, கோட்டின் மேல் சிறு பஞ்ச் புள்ளிகள் இடுங்கள். மற்ற இரு விளிம்புகளையும் கோடு வரை அராவி, புள்ளியில் பாதி மிஞ்சும்போது நிறுத்துங்கள். அளவு சரிதானா என்பதை வெர்னியர் காலிப்பரால் அளந்து பாருங்கள்.

பிசிறை ஸ்மூத் அரத்தால் நீக்கிவிட்டு, அரங்களைக் கம்பித் தூரிகையால் பல் வாக்கில் துடைத்துத் தனித்தனியாக வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் பற்கள் உரசி மழுங்கிவிடும்.