தாளை வாங்கி வைத்த பிறகுதான் செய்தி சொல்ல வந்தது

மொரிஷியஸில் தமிழ் கற்பிக்கிறேன். வாரம் ஒருமுறை பிள்ளைகள் நடப்புச் செய்தி தேடிவந்து வகுப்பில் சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டில் பேசுவது கிரியோல், வாங்கும் பத்திரிகை பிரெஞ்சு. அதை இணையத்தில் தமிழாக்கி, தாளில் எழுதிவந்து, மூச்சுவிடாமல் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு கேள்வி கேட்டால் பதில் வராது.

2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் எங்கள் தீவின் தென்கிழக்குக் கரையில் புவாந்த் தெஸ்னி அருகே பவளப்பாறையில் தரைதட்டியது. ஆகஸ்டில் சுமார் 1,000 டன் எண்ணெய் கடலில் கலந்தது. நம் கடலில் நடந்த இவ்வளவு பெரிய விஷயத்தையும் நான்கு பேர் ஒரே பத்தியாக வாசித்தபோது மனசு கேட்கவில்லை.

சரி என்று அடுத்த வாரம் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டேன். என்ன நடந்தது, யார் சொன்னார்கள், வேறு யாரிடம் கேட்டுச் சரிபார்த்தாய்? இவ்வளவுதான், சொந்த வார்த்தையில். வீட்டில் ஒரு பெரியவரிடமாவது விசாரித்திருக்க வேண்டும். தமிழ்ச் சொல் கிடைக்காவிட்டால் கிரியோலில் சொல்லலாம். பலகையில் எழுதி எல்லோருமாகத் தேடுவோம்.

முதலில் தடுமாறினார்கள். அப்புறம் ஒரு பெண் பையிலிருந்து ஒரு பிடி காய்ந்த கரும்புத் தோகையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"மகேபூரில் என் அத்தை இதைத் துணிக்குள் அடைத்துத் தைத்தார், டீச்சர். கடலில் மிதக்கவிட்டால் எண்ணெயைத் தடுக்கும்."

"நனைந்தால் மூழ்காதா?" என்றான் கடைசி வரிசைப் பையன்.

அவளுக்குத் தெரியவில்லை. அன்றிரவே அத்தையிடம் கேட்டாள். மறுநாள் நான் வகுப்புக்குள் நுழையும் முன்பே அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களையும் சேர்த்துக் கட்டினார்களாம்.