ஸ்கூட்டர் ஓடிய நாளில் காப்புறுதி இருந்ததா? அக்சஸில் இரண்டு அட்டவணைகளின் திகதிகளை ஒப்பிடுவோம்

திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் என் மச்சான் ஸ்கூட்டர் வாடகைக்குக் கொடுக்கிறார். மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளிக்கும் புறாமலைக்கும் வருகிறவர்களால் அவருடைய கொப்பி நிரம்பிவிடும். 2025 யூன் 30இல் ஒரு ஸ்கூட்டரின் காப்புறுதி முடிந்தது. அதே ஸ்கூட்டர் யூலை 2 வரை வாடகையில் ஓடியிருக்கிறது. நல்ல வேளை, விபத்து எதுவும் இல்லை. இரண்டு திகதிகளும் கொப்பியில் இருந்தன, ஒரே பக்கத்தில்தான் இல்லை. அன்றிரவே மைக்ரோசொஃப்டின் தரவுத்தள மென்பொருளான அக்சஸைத் திறந்தோம்.

முதலில் அட்டவணைகள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ‘ஸ்கூட்டர்’ அட்டவணையிலேயே ‘காப்புறுதி முடிவு’ என்று ஒரு புலம் (நிரல்) வைத்துவிடுவார்கள். அடுத்த வருடம் புதுப்பித்ததும் பழைய திகதிக்கு மேலேயே புதியதை எழுதுவார்கள். அத்தோடு போன வருடக் கணக்கு போய்விடும். அதனால் மூன்று அட்டவணைகள் போடுங்கள்:

ஸ்கூட்டர்: இலக்கம் (முதன்மைச் சாவி, அதாவது ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டுவது), நிறம்
காப்புறுதி: காப்புறுதி எண், ஸ்கூட்டர் இலக்கம், தொடக்கம், முடிவு
வாடகை: வாடகை எண், ஸ்கூட்டர் இலக்கம், கொடுத்த நாள், திரும்பவேண்டிய நாள், திரும்பிய நாள்

திகதிப் புலங்கள் எல்லாவற்றுக்கும் ‘டேட்/டைம்’ வகையைக் கொடுங்கள். டெக்ஸ்டாக வைத்தால் 10/07 என்பது 9/06க்கு முன்னால் வந்து நிற்கும். அப்புறம் விண்டோஸின் ‘ரீஜன்’ அமைப்பில் நாள், மாதம், வருடம் என்ற ஒழுங்கு இருக்கிறதா என்று பாருங்கள். வினவலை, அதாவது அட்டவணைகளிடம் கேட்கும் கேள்வியை, எழுத்துக் கட்டளையாக எழுதும் எஸ்கியூஎல் பார்வையில் மட்டும் இந்த அமைப்பு செல்லாது. அங்கே #05/03/2025# என்று எழுதினால் அக்சஸ் அதை அமெரிக்க ஒழுங்கில் மே 3 என்றே எடுக்கும். #25/03/2025# என்றால் 25ஆம் மாதம் இல்லாததால் சரியாக மார்ச் 25 என்று எடுத்துக்கொள்ளும். பாதி சரியாக வருவதால் பிழை கண்ணில் படாது. அங்கே வருடத்தை முன்னால் வைத்து #2025-03-05# என்று எழுதுங்கள்.

சரி, இனி வினவல். முதலில் காப்புறுதி இருந்த வாடகைகளை எடுப்போம். டிசைன் பார்வையில் ‘வாடகை’, ‘காப்புறுதி’ இரண்டையும் கொண்டுவந்து, ஸ்கூட்டர் இலக்கத்தை ஒன்றிலிருந்து மற்றதற்கு இழுத்து இணையுங்கள். வாடகை எண், தொடக்கம், முடிவு ஆகிய புலங்களைக் கீழே போடுங்கள். ‘கிரைட்டீரியா’ வரியில்,

தொடக்கத்தின் கீழ்: <=[கொடுத்த நாள்]
முடிவின் கீழ்: >=[திரும்பவேண்டிய நாள்]

இங்கே ‘திரும்பிய நாள்’ வேண்டாம். ஸ்கூட்டர் இன்னும் வராவிட்டால் அது வெறுமையாக இருக்கும். வெறுமையோடு ஒப்பிட்டால் ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது, அந்த வரி மறைந்துவிடும்.

இப்போது ஓட்டினால் ஒரு விசித்திரம். யூன் 30 மாலை 6 மணிக்குத் திரும்பவேண்டிய வாடகை ஒன்று, அன்று முழுக்கக் காப்புறுதி இருந்தும் பட்டியலில் வராது. காரணம், அக்சஸ் திகதியை ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 1899 டிசெம்பர் 30ஐப் பூச்சியமாகக் கொண்டு நாட்களை எண்ணும், நேரத்தைப் பின்னமாகச் சேர்க்கும். நேரம் எழுதாத யூன் 30 என்றால் 45838. மாலை 6 மணி சேர்ந்தால் 45838.75. முதலாவது இரண்டாவதைவிடச் சிறியது, அவ்வளவுதான். முடிவின் கீழ் இப்படி மாற்றுங்கள்:

>[திரும்பவேண்டிய நாள்]-1

45837.75ஐவிட 45838 பெரியது, வாடகை உள்ளே வந்துவிடும். யூலை 1 என்றால் வராது, வரவும் கூடாது.

இந்த வினவலை ‘காப்பு உள்ளவை’ என்று சேமியுங்கள். நமக்கு வேண்டியது இதில் இல்லாதவை. ‘குவெரி விசார்ட்’டில் ‘ஃபைண்ட் அன்மேட்ச்ட்’ என்பதைத் தெரிவுசெய்து, முதலில் ‘வாடகை’ அட்டவணையையும் அடுத்ததாகக் ‘காப்பு உள்ளவை’ வினவலையும் கொடுத்து, வாடகை எண்ணால் பொருத்துங்கள். வரும் பட்டியலில் இருப்பவை காப்புறுதி இல்லாமல் ஓடியவை.

ஒன்றை மட்டும் கையால் பாருங்கள். வாடகையின் நடுவில் பழைய காப்புறுதி முடிந்து மறுநாளே புதியது தொடங்கியிருந்தால், இரண்டில் எதுவும் தனியாக முழு நாட்களையும் மூடாததால் அந்த வாடகையும் இந்தப் பட்டியலில் வரும். மச்சானின் பட்டியலில் வந்த மூன்றில் ஒன்று அப்படித்தான் இருந்தது. மற்ற இரண்டும் உண்மையிலேயே காப்புறுதி இல்லாமல் ஓடியவை.