விடுதி அறையில் தனியாக, பயமில்லாமல்: மனநல நெருக்கடிக்குப் பிறகு கல்லூரிக்குத் திரும்புகிறவர்களுக்கு

சிகிச்சை முடிந்து கல்லூரிக்குத் திரும்பும் பிள்ளைகளிடம் எல்லோரும் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: "தனியா மட்டும் இருக்காதே." எனக்கும் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லோரும் என் மேல் பாசம் உள்ளவர்கள். அந்தச் சமயத்துக்கு அது சரியான புத்திமதியும்கூட.

ஆனால் நான் சின்ன வயதிலிருந்தே தனியாக இருக்கப் பிரியப்படுகிறவள். போடிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து இலவ மரத்தடியில் உட்கார்ந்தால் அம்மா வந்து கூப்பிட்டால்தான் எழுந்திருப்பேன். சென்னையில் எம்.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் வருடத்தில் மனம் உடைந்துபோய், ஊருக்குப் போய் மருத்துவம் பார்த்து, ஒரு செமஸ்டர் தள்ளி விடுதிக்குத் திரும்பினேன். அப்போது தனியாக இருப்பது என்றாலே எனக்குப் பயமாக இருந்தது. நான் அறைக்கதவைச் சாத்தினால் மற்றவர்களுக்கும் பயம். விட்டுப்போன பாடங்களைவிட, தனியாக நிம்மதியாக உட்கார்வதைத் திரும்பக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு அதிக காலம் பிடித்தது. என்னைப் போன்ற சுபாவம் உள்ளவர்களுக்காக, எனக்கு எது கைகொடுத்தது என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. செத்துப்போகலாம் என்ற எண்ணம் இப்போது வந்துகொண்டிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இன்றைக்கு வேண்டாம், ஆள் துணைதான் வேண்டும். பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள். 14416-க்குக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவை அது. இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம். சென்னையில் 1986-இலிருந்து இயங்கும் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. தனிமையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்

"எப்படிம்மா இருக்கே?" என்று மருத்துவர் கேட்டால் "பரவாயில்ல சார்" என்று சொல்லிவிட்டு மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வருவதுதான் நம் வழக்கம். திரும்பப் போகும் முன் மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். ராத்திரி நான் தனியாகத் தூங்கலாமா? மாத்திரை யார் கையில் இருக்க வேண்டும்? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தனியாக இருந்தால் எனக்கு நல்லது?

நான் தேனி பக்கம் கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினேன். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவிலும் அந்த மருத்துவர் இந்தக் கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் சொன்னார். முதல் மாதங்களில் தனி அறை வேண்டாம், ஒரு வார மாத்திரைக்கு மேல் கையில் வைத்துக்கொள்ள வேண்டாம், பகலில் அரை மணி, ஒரு மணி என்று தனியாக இருந்து பழகலாம் என்றார். உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொல்லலாம். அவர் சொல்வதுதான் உங்களுக்கு.

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பெரும்பாலும் முழுதாக வேலைசெய்ய நான்கிலிருந்து எட்டு வாரம் வரை ஆகும். அதுவரை தனியாக உட்காரும்போது ஒன்றும் மாறவில்லை என்றே தோன்றும். அதை வைத்து நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். தெம்பு வந்துவிட்டது என்றாலும் நிறுத்தாதீர்கள்.

ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்

நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான். நான் எங்கே இருக்கிறேன் என்று ஒருவருக்காவது தெரிந்திருந்தால் எனக்கு அந்தத் தனிமையில் ஓய்வு கிடைத்தது. யாருக்கும் தெரியாமல் இருந்த தனிமை என்னை முன்பு விழுங்கியிருந்தது.

எனக்கு அந்த ஒருவர் எதிர் அறை அக்கா, ஆராய்ச்சி மாணவி. நாங்கள் பேசிவைத்துக்கொண்டது இவ்வளவுதான்: ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் "சாப்ட்டேன்" என்று ஒரு வார்த்தை அனுப்புவேன். ஒன்பது மணிக்குள் வரவில்லையென்றால் அக்கா போன் செய்வார். எடுக்கவில்லையென்றால் நேரில் வந்து கதவைத் தட்டுவார். ஏன், என்ன என்று குடையக் கூடாது. அவர் ஒரு தடவைகூடக் குடையவில்லை. இப்படி ஒருவரிடம் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் சரி என்பார்கள். "என்னைப் பாத்துக்கோ" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால்தான் அவர்களுக்கும் மலைப்பு.

அம்மா விஷயம் தனி. ஒரு நாளில் நாலைந்து முறை போன் வரும். எடுக்காவிட்டால் வார்டனுக்குப் போகும். நான் அம்மாவிடம், "பகல்ல எடுக்கலேன்னா பயப்படாதம்மா. எட்டரைக்கு நானே கூப்பிடுவேன், ஒரு நாளும் தவறாது" என்றேன். "நீ கூப்பிடுறவரைக்கும் எனக்குச் சோறு எறங்காதுடி" என்றார். "அப்ப எட்டரைக்கே சாப்பிடும்மா" என்றேன். எட்டரை என்றால் எட்டரைக்கே கூப்பிட்டேன். கொஞ்ச நாளில் பகல் போன்கள் தானாகக் குறைந்தன. பெற்றவர்களிடம் "என்னை விடுங்க" என்று சண்டை போடுவதைவிட ஒரு நேரத்தைச் சொல்லி அதைக் காப்பாற்றுவது எவ்வளவோ மேல்.

அறைக்கு வெளியே தொடங்குங்கள்

தனிமையைப் பழக நான்கு சுவர் நல்ல இடம் அல்ல, தொடக்கத்திலாவது. சுற்றிலும் ஆட்கள் இருக்க வேண்டும், ஆனால் யாரும் நம்மிடம் பேசக் கூடாது. சென்னையில் இதற்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை விடத் தோதான இடம் எனக்குத் தெரியாது. 2010-இல் திறந்தது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் அங்கே தனிப் பகுதி உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வரிசையாகக் குனிந்திருப்பார்கள். நீங்கள் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மதுரைப் பிள்ளைகளுக்கு 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகம்.

அடுத்தது பறக்கும் ரயில். வேளச்சேரியில் ஏறி, பெண்கள் பெட்டியில் சன்னலோரம் உட்கார்ந்தால், உச்சி வேளையில் பாதிப் பெட்டி காலியாக இருக்கும். கோட்டூர்புரம் தாண்டியதும் அடையாற்றைக் கடக்கும், அப்புறம் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே போகும். கடற்கரை நிலையம் வரை போய்விட்டுத் திரும்பி வாருங்கள். செலவும் ஒன்றும் பெரிதாக இல்லை. பெண் பிள்ளை தனியாக ஓர் இடத்தில் சும்மா உட்கார்ந்தால் "யாருக்காகக் காத்திருக்கே?" என்று பார்வையாலேயே கேட்கும் ஊர் நம்முடையது. நகரும் ரயிலில் அந்தத் தொல்லை குறைவு. மனசு சரியில்லாத நாளில் மட்டும் ஆள் நடமாட்டமில்லாத இடங்களுக்குத் தனியாகப் போகாதீர்கள். அன்றைக்கு நூலகம் போதும்.

அறைக்குள்: கைக்கு வேலை

மனச்சோர்வு வந்தவர்களுக்குத் தெரியும்: கை சும்மா இருந்தால் மனம் பழையதைப் போட்டு அரைக்க ஆரம்பித்துவிடும். தேர்வில் எழுதாமல் விட்ட தாள், வகுப்பில் யாரோ சிரித்தது, அப்பா கட்டிய பணம். "மனதை வேறு பக்கம் திருப்பு" என்றால் திரும்பாது. கையைத் திருப்பலாம். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் உளவியல் சிகிச்சைகளில் ஒன்று இதை ஒட்டியதுதான்: உற்சாகம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல் சின்ன வேலையை முதலில் செய்வது, மனநிலை பின்னால் வரும்.

நான் பூக்கட்டினேன். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் தெரிந்த வேலை. உதிரி மல்லி நூறு கிராம் வாங்கிக்கொள்வேன். முகூர்த்த நாளில் விலை ஏறிக்கிடக்கும், அன்றைக்குக் கதம்பம். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக் கிழித்து வைத்துக்கொள்ள வேண்டும், காய்ந்தால் அறுந்துவிடும். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, காம்பு உள்ளே பார்க்க, எதிர்ப்பக்கம் இரண்டு. நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் வளையம் போட்டு, காம்புகளுக்கு மேல் மாட்டி இழுக்க வேண்டும். இறுக்கி இழுத்தால் காம்பு நறுங்கிவிடும். தளர விட்டால் அடுத்த கண்ணி போடும்போதே பூ உதிரும். இரண்டு கையும், கண்ணும் அதிலேயே இருந்தாக வேண்டும், ஈரக்கையால் போனைத் தொடவும் முடியாது. நடுவில் நினைப்பு எங்கேயோ போகும், ஒரு பூ மடியில் விழும், எடுத்து வைத்துக் கட்டுவேன். நூறு கிராம் முடிய முக்கால் மணி ஆகும். முடிந்ததும் முழம் முழமாகக் கிள்ளி அக்காவுக்கும் எங்கள் வரிசைப் பெண்களுக்கும் கொடுப்பேன். தனியாக இருந்த நேரம் அப்படி ஒரு சாக்கோடு முடியும்; கதவைத் திறந்துகொண்டு நாலு பேரைப் பார்த்தே ஆக வேண்டும்.

உங்களுக்குப் பூ வேண்டாம் என்றால் மாதுளை உரியுங்கள், பக்கெட்டில் துணி துவையுங்கள், சைக்கிள் செயினைக் கழற்றித் துடையுங்கள். முடிவு கண்ணுக்குத் தெரியும் வேலையாக இருக்கட்டும். முதலில் இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அடித்ததும் எழுந்து வெளியே வாருங்கள், நன்றாக இருந்தாலும்கூட. இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்ற ஆசையோடு எழுந்தால் மறுநாள் தானாகவே வந்து உட்காருவீர்கள்.

இந்த நேரத்தில் டேட்டாவை அணைத்துவிடுங்கள், போனை அணைக்காதீர்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாருக்கு வேலை கிடைத்தது என்பதெல்லாம் உள்ளே வரக் கூடாது. அக்காவின் அழைப்பு வர வேண்டும்.

ஓய்வா, ஒளிதலா

தனியாக இருந்துவிட்டு வந்த பிறகு மெஸ்ஸுக்குப் போக முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது ஓய்வு. மெஸ்ஸுக்குப் போகாமல் இருப்பதற்காகவே இன்னொரு மணி நேரம் தனியாக இருக்கத் தோன்றினால் ஒளிகிறீர்கள். குளிக்காமல் இரண்டாம் நாள் ஆவது, பகலிலும் போர்வைக்குள் கிடப்பது, அனுப்ப வேண்டிய அந்த ஒரு வார்த்தையை அனுப்ப எரிச்சலாக இருப்பது, இவையெல்லாம் அடையாளங்கள். தெரிந்தால் அன்றைக்குத் தனிமைக்கு விடுமுறை. மறுநாளும் அப்படியே இருந்தால் மருத்துவருக்குப் போன்.

மெஸ்ஸில் தனியாகச் சாப்பிடத் தயக்கமா? திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள், கூட்டம் சேருவதற்குள் முடித்துவிடலாம். "ஒரு செமஸ்டர் ஆளையே காணோமே?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "உடம்பு சரியில்லாம இருந்துச்சு, இப்ப பரவாயில்ல." அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமை இல்லை. 2017 மனநலச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரங்களை, சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் சம்மதமில்லாமல் மருத்துவமனை வெளியே சொல்லக் கூடாது.

ஞாயிறும் இரவும்

வாரத்தில் எந்த நேரம் உங்களுக்குக் கனமானது என்று கவனியுங்கள். எனக்கு ஞாயிறு மதியம். எல்லோரும் சினிமா, சொந்தக்காரர் வீடு என்று கிளம்பிப் போயிருப்பார்கள், நடைபாதையில் காய்கிற துணி மட்டும் ஆடும். அந்த நேரத்தை வெறுமையாக விடாதீர்கள். நூலகத்தையும் ரயிலையும் நான் ஞாயிற்றுக்கிழமைக்கே ஒதுக்கினேன்.

இரவுக்கு வானொலி. எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குக் கொடைக்கானல் பண்பலை 100.5 வீட்டு ஆள் மாதிரி. சென்னையில் ரேடியோவில் பிடிக்காது, ஆகாசவாணியின் செயலியில் கேட்கலாம். சத்தத்தைக் குறைத்துத் தலைமாட்டில் வைத்தால் அறைக்குள் ஒரு குரல் இருக்கும், பதில் பேச வேண்டியதில்லை. நடுராத்திரி விழிப்புத் தட்டினால் படிப்பு, வாழ்க்கை எதைப் பற்றியும் முடிவு எடுக்காதீர்கள்; விடிந்த பிறகு அந்தக் கேள்வி வேறு அளவில் இருக்கும். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள். மோசமாகப் போகிறது என்பதற்கு உங்களுக்கு மட்டும் தெரிந்த அடையாளங்கள், அப்போது செய்யக்கூடிய இரண்டு மூன்று வேலைகள், கூப்பிடக்கூடியவர்களின் எண்கள், கடைசியில் 14416. நெருக்கடியைக் கடந்தவர்களுக்கு மனநல மருத்துவர்கள் எழுதித் தரும் பாதுகாப்புத் திட்டம் இதுதான். உங்கள் மருத்துவரோடு சேர்ந்து எழுதுங்கள். அந்த நேரத்தில் மூளை எதையும் யோசிக்காது, கண் படிக்கும்.

தனி அறை கேட்பது கடைசிப் படி. மருத்துவர் சரி என்ற பிறகு, தேர்வு நெருங்காத ஒரு மாதத்தில் மாறுங்கள். அக்கா இருக்கும் அதே மாடியாகக் கேளுங்கள். மாற்றுச் சாவி ஒன்று அவரிடம் இருக்கட்டும். தனி அறை கிடைத்த பிறகும் அந்த "சாப்ட்டேன்" தினமும் போகட்டும், நான் இன்னும் அனுப்புகிறேன்.