ஐஇஎல்டிஎஸ்: மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள்

யாங்கோனில் மாலை வேளையில் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் முடிவுத்தாளைக் கொண்டுவருபவர்கள் மொத்த மதிப்பெண்ணைத்தான் காட்டுவார்கள். என் கண் எழுத்துப் பகுதிக்கே போகும். பர்மியப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் அங்கேதான் சறுக்குகிறார்கள்.

கேட்டல் 7, வாசிப்பு 6.5, எழுத்து 5.5, பேச்சு 6 என்று வையுங்கள். கூட்டினால் 25, நான்கால் வகுத்தால் 6.25. கால் வந்தால் அரைக்கும், முக்கால் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கும் உயர்த்துவார்கள். ஆகவே மொத்தம் 6.5. ஆனால் ஒவ்வொரு பகுதியிலும் 6 கேட்கும் பல்கலைக்கழகத்துக்கு அந்த 5.5 போதாது. விண்ணப்பிக்கும் முன் இந்த நிபந்தனையைத் தேடிப் படியுங்கள்.

கேட்டலிலும் வாசிப்பிலும் தலா 40 கேள்விகள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது; எதையும் வெறுமனே விடாதீர்கள். எழுத்தில் இரண்டாம் கேள்விக்கு முதலாவதைப்போல் இரு மடங்கு மதிப்பு. 60 நிமிடத்தில் 40 நிமிடத்தை அதற்கே ஒதுக்குங்கள், பிள்ளைகளே.