ரசாயன வேலைக்குக் கையுறையும் உடையும் தேர்ந்தெடுப்பது எப்படி?

அசிட்டோனில் பாகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கையில் மெல்லிய நைட்ரைல் (ஒரு செயற்கை ரப்பர்) கையுறை. சில நிமிடங்களில் விரல்கள் சில்லிட்டன. கழற்றிப் பார்த்தால் கையுறையில் ஓட்டையும் இல்லை, கிழிசலும் இல்லை. அசிட்டோன் ரப்பருக்குள் ஊறி மறுபக்கம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது.

1. ரசாயனத்தோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் 8-ஆம் பிரிவைப் படியுங்கள்.

2. கையுறை. நான் சறுக்கிய இடம் இதுதான். பல தாள்களில் ‘பொருத்தமான கையுறை அணியவும்’ என்று மட்டும் இருக்கும். அது போதாது. கையுறைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் உங்கள் ரசாயனத்துக்கான ஊடுருவல் நேரத்தை, அதாவது அது கையுறையின் மறுபக்கம் வர எடுக்கும் நேரத்தை, தேடுங்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 374 படி சோதித்த கையுறைகளில் குடுவைப் படமும் அதன் கீழ் எழுத்துகளும் இருக்கும். பி (B) என்றால் அசிட்டோன், கே (K) என்றால் 40% சோடியம் ஹைட்ராக்சைடு, எல் (L) என்றால் 96% கந்தக அமிலம். சோதனை நடப்பது 23 டிகிரி செல்சியஸில். கைச்சூட்டில் நேரம் இன்னும் குறையும்.

அசிட்டோனுக்கு பியூட்டில் ரப்பர்தான் என் தேர்வு. ஆனால் பெட்ரோல், ஹெக்சேன் போன்றவற்றுக்கு அது ஆகாது, அங்கே நைட்ரைல் நல்லது. எல்லாவற்றுக்கும் ஒரே கையுறை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 1996-இல் அமெரிக்க வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹானின் லேடெக்ஸ் கையுறைமேல் டைமெத்தில் மெர்குரி என்ற கொடிய பாதரச நச்சு சில துளிகள் சிந்தின. அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார். அவர் விதிகளை மீறவில்லை. அந்தக் கையுறை அதைத் தடுக்காது என்பது அப்போது தெரிந்திருக்கவில்லை.

3. உடை. ரசாயனப் பாதுகாப்பு உடைகளுக்கு ஐரோப்பியத் தரத்தில் வகை எண்கள் உண்டு. தூசி என்றால் வகை 5, லேசான தெறிப்புக்கு வகை 6, தெளிப்புக்கு வகை 4, பீய்ச்சியடிக்கும் திரவத்துக்கு வகை 3. பருத்திக் கோட்டு அமிலத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும். அதனால் அமிலத்தைக் கையாளும்போது மேலே ரசாயனம் தாங்கும் ஏப்ரன் கட்டாயம்.

4. பூட்ஸ். கால்சட்டை எப்போதும் பூட்ஸுக்கு வெளியே தொங்கட்டும்.

பிற்சேர்க்கை: கையை உயர்த்தி வேலை செய்தபோது திரவம் முழங்கை வரை வழிந்ததாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். அப்படிப்பட்ட வேலையில் கையுறை சட்டைக்கைக்கு மேலே வரவேண்டும், அதன் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்துவிடுங்கள். கை தாழ்ந்திருக்கும் வேலையில் சட்டைக்கை மேலே இருக்கட்டும்.

அப்புறம், ஊறிய கையுறையைக் கழுவிக் காயவைத்து மறுநாள் போடலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். வேண்டாம். ரப்பருக்குள் புகுந்த ரசாயனம் இரவெல்லாம் உள்பக்கம் நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும்.